ஓ நெகடிவ் மூன்று பை

அந்த வருஷம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே பைத்தியம் பிடித்திருந்தது. பக்கம் மினுக்கக் கூடாது. இணையத்தில் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை ஒரு நொடி வெளுத்துப்போய்த் திரும்ப வருமே, அது இனிமேல் பட்டிக்காட்டுத்தனம். பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதற்குள் ஒரு மூலையில் இருக்கிற எண் மட்டும், யாரும் எதையும் தொடாமல், சர்வரிலிருந்து புதிதாக வந்து உட்கார வேண்டும். இரண்டாயிரத்து ஆறில் இது செய்யத் தெரிந்தவர்களுக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது.

தமயந்திக்கும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்வானேன்? ஜோகுபாளையத்தில் அவள் தெருவில் அது வரை கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்றால் எலெக்ட்ரானிக் சிட்டியில் வாசலில் காவலுக்கு நிற்பது, இல்லையென்றால் உள்ளே கழுவித் துடைப்பது. அந்தத் தெருவிலிருந்து பி.சி.ஏ. படித்து, சி.எம்.எச். ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அம்மா தனக்கோடி இதைத் தண்ணீர்க் குழாயடியில் தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் கேட்டவர்களுக்கே மறுநாளும் சொன்னாள்.

கம்பெனியை நடத்தியவன் ப்ரஹ்லாத். மல்லேஸ்வரத்துப் பிள்ளை. குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்கள். இவன் மட்டும் செருப்புக் கடை மாடிக்கு வந்து சேர்ந்திருந்தான். நல்லவன், ஆனால் அவசரக்காரன். அவனுக்கு ஒரு ரத்த வங்கியின் வேலை கிடைத்தது.

அது வரை நர்சிங் ஹோம்களிலிருந்து நர்ஸ்கள் ரத்த வங்கிக்குப் போன் செய்து, இந்த க்ரூப் இருக்கிறதா, எத்தனை பை இருக்கிறது என்று கேட்பார்கள். பாதி நேரம் லைன் கிடைக்காது. கிடைத்தால் கவுண்டரில் இருக்கும் முனிராஜ் எழுந்து உள்ளே போய், குளிர்பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டு வந்து சொல்ல வேண்டும். இனிமேல் அந்தத் தொல்லை வேண்டாம். ஒரு பை வெளியே போனதும் முனிராஜ் தன் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவான். ஊர் முழுக்க நர்சிங் ஹோம்களில் திறந்திருக்கும் பக்கத்தில் எண் தானாக மாறிவிட வேண்டும்.

"எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஃபாக்ஸ், ரெண்டுலயும் ஓடணும் தமயந்தி," என்றான் ப்ரஹ்லாத். "ஒண்ணுல ஓடி இன்னொண்ணுல படுத்துண்டா க்ளையண்ட் என் பிராணன வாங்கிடுவார்."

அதுதான் பெரிய தலைவலி. ஒரே காரியத்தை ஒவ்வொரு ப்ரௌசரிடமும் ஒவ்வொரு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது. சர்வரோடு பேசுகிற கருவி ஃபயர்ஃபாக்ஸுக்குக் கூடவே பிறந்தது. எக்ஸ்ப்ளோரரிலோ அதை வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். அதிலும் பழைய பதிப்புக்கு ஒரு பெயர், புதிய பதிப்புக்கு இன்னொரு பெயர். முதலில் இதைக் கேள், இல்லையென்றால் அதைக் கேள், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதைக் கேள் என்று தமயந்தி அடுக்கடுக்காக எழுதினாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் சர்வரிடம் போய்க் கேட்கும். வந்த எண்ணைக் கட்டத்தில் போடும். ஒரு வாரம் முட்டி மோதி இரண்டிலும் ஓட வைத்தபோது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வரில் எண்ணை மாற்றினால் பக்கத்தில் மாறியது. மினுக்கவே இல்லை.

ரத்த வங்கிக்காரர்கள் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்கள். எண்ணுக்குக் கீழே நேரமும் வர வேண்டும், அப்போதுதான் எப்போதைய கணக்கு என்று நர்ஸ்கள் நம்புவார்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கை. நேரத்தையும் சர்வரே அனுப்ப வேண்டும். ஆனால் சர்வரில் ஓடுகிற பகுதி ப்ரஹ்லாத் எழுதுவது, அவன் அந்த வாரம் வேறு வேலையில் தலை நிமிராமல் இருந்தான். நேரம்தானே, எங்கே கேட்டால் என்ன என்று தமயந்தி, பக்கம் திறந்திருக்கிற கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டாள். ஒரே வரி. "கடைசியாகப் புதுப்பித்தது" என்று எழுதி அதன் பக்கத்தில் அந்த நேரம் நின்றது. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பக்கம் கட்டுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த அன்றே தங்கள் எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகளுக்குள் போய், 'ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொண்டு வா' என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் அது பழையதையே எடுத்துக் காட்டும், திருத்தியது கண்ணுக்குத் தெரியாது. வைத்த பிறகு, அப்படி ஒன்று வைத்ததே மறந்துபோகும். தமயந்திக்கும் மறந்துபோயிருந்தது.

நர்சிங் ஹோம்களில் பக்கத்தைக் கொண்டுபோய் நிறுவுகிற வேலையும் அவளுக்கே வந்தது. அல்சூரில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த நர்சிங் ஹோமை அவளே முதலில் கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா மமதா அங்கேதான் மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்தாள். மமதாவுக்கு இது முதல் பிரசவம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்தது. அவள் ரத்தம் ஓ நெகடிவ். டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி முதல் நாளே சொல்லிவிட்டார்: இது சுலபத்தில் கிடைக்கிற க்ரூப் இல்லை, உடம்பிலும் ரத்தம் குறைவு, பிரசவத்தன்று கைக்கு எட்டுகிற இடத்தில் ரத்தம் இருக்க வேண்டும்.

நிறுவின அன்று மமதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். முனிராஜிடம் போனில் கணக்கைக் கேட்டு வைத்துக்கொண்டு, தமயந்தி பக்கத்தைப் புதிதாகத் திறந்து காட்டினாள். அவன் சொன்னபடியே ஓ நெகடிவுக்கு நேரே நான்கு என்று இருந்தது. கீழே நேரம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது.

"இன்னாடி இது, யாரும் தொடாமலே மாறிக்குது? பேய் கீய் வச்சிருக்கியா உள்ள?" என்றாள் மமதா.

"பேய் இல்லக்கா, நான்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஹெட் நர்ஸ் டோரீன் சிரித்தாள். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, அந்த நர்சிங் ஹோமில் டாக்டருக்கு அடுத்தபடி அவள் சொல்தான். "அப்ப இனிமே நான் அந்த முனிராஜோட மல்லாட வேணாம்?" என்று கேட்டாள்.

"வேணாம் சிஸ்டர். இதப் பாத்தா போதும். ஆனா காலைல ஒரு தடவ தொறந்துட்டா மூடாதீங்க. இது தானா கேட்டுக்கிட்டே இருக்கும். மூடி மூடித் தொறந்தீங்கன்னா நான் பண்ணதுக்கே அர்த்தம் இல்ல."

நர்ஸ்களும் ஆயாக்களும் எதையாவது அழுத்தி மூடிவிடுவார்கள் என்று தமயந்திக்குப் பயம். அதனால் ஒரு தாளில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் 'தயவு செய்து மூட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, திரைக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாள்.

சில வாரம் கழித்து அக்காவோடு வந்தபோது டோரீன் அவளைக் கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்கணும்மா. மார்னிங் பாத்த நம்பர்தான் ஈவினிங்கும் நிக்குது. டெய்லி அப்படித்தான். கரெக்டா வேல செய்யுதா இது?"

அன்றே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "நேரம் மாறுது பாருங்க சிஸ்டர்," என்றாள் தமயந்தி, குழந்தைக்குச் சொல்வது போல. "நேரம் மாறினா அது போய்க் கேட்டுட்டு வந்துச்சுன்னு அர்த்தம். ரத்தம் யாரும் வாங்கலன்னா நம்பர் எப்படி மாறும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் டோரீன். இருந்தாலும் இரண்டு மூன்று தடவை முனிராஜுக்குப் போன் செய்து சரிபார்த்தாள். எல்லாம் காலை நேரம். பக்கத்தில் இருந்ததும் அவன் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. பிறகு அவளும் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் மமதாவுக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். புருஷன் உமேஷ் ஹெப்பகோடியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை. முதல் நாளே லீவு சொல்லிவிட்டிருந்தான். அவன் கூட வேலை பார்க்கும் ஆதிகேசவனும் ஓ நெகடிவ்தான். மமதா வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்தே ஆதிகேசவன் உமேஷிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: எந்த நாளானாலும் சொல், ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து ரத்த வங்கியில் கொடுக்கிறேன், உன் பெயருக்கு எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று. அப்படிக் கொடுப்பதானால் காலையிலேயே கொடுக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சோதித்துத் தர பாதி நாள் ஆகும்.

பத்து மணிக்கு உமேஷ் மொபைலோடு தமயந்தியிடம் வந்தான். "ஆதி கேக்கறான், கெளம்பி வரட்டுமான்னு. இன்னா சொல்றது?"

தமயந்தி கவுண்டருக்குப் போனாள். பக்கம் திறந்திருந்தது. காலை ஏழு மணிக்கு டோரீன் கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தைத் திறந்து, மேலே ஒட்டியிருந்த தாளின்படி மூடாமல் வைத்திருந்தாள். ஓ நெகடிவ்: மூன்று பை. கடைசியாகப் புதுப்பித்தது: அந்த நிமிஷம்.

அவள் மொபைலை வாங்கிக் காதில் வைத்தாள். "அண்ணா, வேணாம்ணா. மூணு பை இருக்கு, இப்பதான் என் கண்ணால பாத்தேன். அக்காக்கு அது தேவப்படுமோ இன்னாவோ. நீங்க எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து பேஜார் பட்டுக்கிட்டு வரணும்?"

"நெஜமா மூணு இருக்காம்மா?"

"நான் எழுதின பேஜ்ணா அது."

ஆதிகேசவன் ஷிஃப்டுக்குள் போய்விட்டான். உமேஷுக்கும் நெஞ்சு லேசானது. உள்ளே படுத்திருந்த மமதாவிடம் தமயந்தி இதைச் சொன்னபோது, வலிக்கு நடுவிலும் அவள் ஒரு சிரிப்பு சிரித்தாள். "உன் பேய்கிட்ட சொல்லி வை, எங்கயும் போய்டாதன்னு." அவள் கடைசியாகச் சிரித்துத் தமயந்தி பார்த்தது அதுதான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நல்ல குரல். தனக்கோடி வராந்தாவில் நின்று அந்த அழுகையைக் கேட்டுத் தானும் அழுதாள். உமேஷ் கடைக்குப் போய்ச் சாக்லேட் வாங்கி வந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுத்தான். அந்தச் சாக்லேட்டை அவர்கள் வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே மமதாவுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்திருந்தது.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி வெளியே வந்தபோது கையுறையைக் கழற்றவில்லை. "சிஸ்டர், ஓ நெகடிவ் எவ்ளோ இருக்கு?"

டோரீன் திரையைப் பார்த்தாள். "த்ரீ, டாக்டர். இப்ப அப்டேட் ஆயிருக்கு."

"அப்ப ஷிஃப்ட் பண்ண வேண்டாம். இந்த மழைல ஆம்புலன்ஸ்ல தூக்கிண்டு அலையறதுக்கு இங்கயே பாத்துக்கலாம். மூணையும் எடுத்துண்டு வரச் சொல்லு. ஓடச் சொல்லு."

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தம் இருக்கிறது என்று தெரிந்தால் யாரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ரத்தம் இல்லை என்று தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே மமதாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். அந்த நிமிஷம் அதற்கு நேரம் இருந்தது.

ரத்தம் கேட்டு டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு உமேஷ் மழையில் ஓடினான். ரத்த வங்கி கன்டோன்மென்ட் பக்கம். ஆட்டோ கிடைத்து, சிக்னலில் மாட்டி, போய்ச் சேர அரை மணி ஆனது. முனிராஜ் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். ஓ நெகடிவ் இல்லை. காலையில் ஓசூர் ரோட்டில் நடந்த விபத்துக்கு மூன்று பையும் போய்விட்டன. கம்ப்யூட்டரிலும் தட்டிவிட்டேனே என்றான்.

"கம்ப்யூட்டர்ல மூணு இருக்குதுய்யா. என் மச்சினிச்சி பாத்தா. நர்ஸு பாத்தாங்க." உமேஷ் கவுண்டருக்கு மேல் கையை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். "யாருக்குய்யா எடுத்துக் குடுத்த?"

பிடித்து விலக்கினார்கள். முனிராஜ் பாவம், இன்னும் இரண்டு ரத்த வங்கிகளுக்குப் போன் போட்டுக் கேட்டான். ஒன்றில் இல்லை, இன்னொன்றில் லைன் கிடைக்கவில்லை. நர்சிங் ஹோமிலிருந்து டாக்டர் போனில் வந்து, பாசிட்டிவ் ஆனாலும் சரி, ஓ எது இருக்கிறதோ உடனே கொண்டு வாருங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. உமேஷ் இரண்டு பை ஓ பாசிட்டிவை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றிருந்தது. அதில் யாரையும் ஏற்றவில்லை. டோரீன் வாசற்படியில் நின்று அவன் கையிலிருந்த பைகளை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தனக்கோடி போட்ட சத்தத்தில் மாடியில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து வந்தார்கள். உமேஷ் அழவில்லை. முனிராஜ் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்: மூன்று பையைக் காட்டிவிட்டுப் பின்பக்கமாக யாருக்கோ விற்றுவிட்டான் என்றான். ஜோகுபாளையத்திலிருந்து ஆட்கள் வந்து வாசலில் கூடினார்கள். மழை விட்டிருந்தது. ரத்த வங்கியை உடைத்து அந்தத் திருட்டுப் பயலை வெளியே இழுக்க வேண்டும் என்று இரண்டு பேர் டெம்போவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

தமயந்தி கவுண்டரில் போய் உட்கார்ந்தாள். கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டது. திரையில் பக்கம் திறந்தே இருந்தது. ஓ நெகடிவ்: மூன்று பை. கடைசியாகப் புதுப்பித்தது என்று போட்டு அந்த நிமிஷத்து நேரம்.

அக்கா போய் ஒரு மணி நேரம் ஆகிறது. இப்போதும் மூன்று.

அவளும் முதலில் முனிராஜைத்தான் சந்தேகப்பட்டாள். மனசு அப்படி ஆசைப்பட்டது என்றே சொல்லலாம். டோரீனின் போனை எடுத்து ப்ரஹ்லாதைக் கூப்பிட்டாள். "சார், சர்வர்ல ஓ நெகடிவ் எவ்ளோ இருக்குன்னு பாருங்க."

"ஜீரோ," என்றான் ப்ரஹ்லாத். "காலைல எட்டரைக்கே ஜீரோன்னு என்ட்ரி ஆயிருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"அல்சூர்லேர்ந்து பேஜ் எத்தன தடவ கேட்டிருக்கு? சர்வர் லாக்ல பதிஞ்சிருக்கும், பாருங்க."

சாவிகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "இதென்ன, ஏழு மணிக்கு ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் கேக்கவே இல்லையே. நேத்திக்கும் அப்படித்தான். தினமும் காலைல ஒரே தடவ. ஃபயர்ஃபாக்ஸ் வச்சிருக்கிற எடமெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் வருது, எக்ஸ்ப்ளோரர் எடம் மட்டும்..." அவனுக்கும் புரிந்துவிட்டது.

ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எக்ஸ்ப்ளோரர் சர்வர் வரைக்கும் போகாது. முதல் தடவை வந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்து நீட்டும். மூடித் திறந்தால்தான் மறுபடி போய்க் கேட்கும். அது அதன் வழக்கம். ஒளித்து வைத்த விஷயமும் இல்லை, தேடினால் எழுதியிருக்கும். முகவரியின் கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரு வேறு எண்ணை ஒட்டிவிட்டால் புதிதென்று நினைத்துப் போய்க் கேட்டிருக்கும். அரை வரி வேலை. ஆபீசில் அவளுடைய எக்ஸ்ப்ளோரர் ஏன் ஒழுங்காகக் காட்டியது என்றால், என்றோ அவள் வைத்து மறந்த அந்தப் புள்ளி. சரி, எண் பழையதாக நின்றபோது நேரமாவது பழையதாக நின்றிருந்தால் யாராவது உஷாராகியிருப்பார்கள். நேரத்தை இந்த கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து எடுத்துப் போட்டது அவள். காலைக் கணக்கின் கீழே சாயங்கால நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"தமயந்தி, யாருக்காவது ஏதாவது..." என்று ப்ரஹ்லாத் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்தாள்.

உமேஷ் உள்ளே வந்தான். சட்டை இன்னும் ஈரம். திரையைப் பார்த்தான். "பாத்தியா? இன்னமும் மூணு காட்டுது. இத அப்படியே வை, போலீஸ்க்குக் காட்டணும். அவன நான் உயிரோட விடமாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆபீசுக்குப் போய் அரை வரியைச் சேர்த்துவிட்டால் நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். வாசலில் டெம்போ வந்து நின்ற சத்தம் கேட்டது.

"மாமா, இங்க வாங்க," என்றாள். மௌஸை எடுத்து மேல் மூலைக்குக் கொண்டுபோனாள்.

"அத மூடாதம்மா," என்றாள் டோரீன், பழக்க தோஷத்தில்.

தமயந்தி மூடினாள். திரும்பத் திறந்தாள். திரை ஒரு நொடி வெளுத்துப்போய்த் திரும்ப வந்தது. ஓ நெகடிவ்: பூஜ்யம். கீழே அதே நேரம்.

உமேஷ் குனிந்து பார்த்தான். "இப்பதான் தீந்துச்சா?"

"இல்ல மாமா. காலைலயே. நான் ஆதி அண்ணன வேணாம்னு சொன்னப்பவே இல்ல. இது ஏழு மணிக்கு ஒரு தடவ கேட்டத வச்சுக்கிட்டு நாள் பூரா அதையே காட்டிச்சு. முனிராஜ் மேல ஒண்ணும் இல்ல."

"மூடித் தொறந்தா சரியா சொல்லுமா?"

"சொல்லும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

உமேஷ் நிமிர்ந்து, திரைக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தான். அவன் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். "தயவிட்டு முச்ச பேடி," என்று எழுத்துக் கூட்டாமல் வாசித்தான். "யார் ஒட்டினது இத?"

"நான்தான்."

அவன் கை ஓங்குவான் என்று டோரீன் நடுவில் வந்தாள். ஓங்கவில்லை. அடித்திருந்தால் தமயந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வாசலுக்குப் போனான். பின்னாலேயே அவளும் போனாள்.

"டெம்போவ அனுப்பிடுங்க," என்றான் உமேஷ் அங்கே நின்றவர்களிடம். "அவன் மேல தப்பு இல்ல."

"அப்ப யார் மேலப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

உமேஷ் டெம்போக்காரனிடம் போய், வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"என் மேல," என்றாள் தமயந்தி. "நான் எழுதின பேஜ் தப்பா காட்டிச்சு. அதனாலதான் அக்கா செத்துட்டா."

யாருக்கும் அது ஏறவில்லை. படித்த பெண், கூடப் பிறந்தவள் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தார்கள். ஒரு பெண் வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குழந்தையோடு வந்த தனக்கோடி, "அப்படிச் சொல்லாதடி, நீ இன்னாடி பண்ணுவ, எல்லாம் என் தலையெழுத்து," என்று கன்னத்தைத் தடவினாள். உமேஷ் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. ஆதிகேசவன் இறங்கி ஓடி வந்தான். ரத்த வங்கியில் இல்லை என்று நாலு மணிக்கு உமேஷ் போன் செய்த உடனேயே ஹெப்பகோடியிலிருந்து கிளம்பியவன். சில்க் போர்டு சந்திப்பில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நகரவில்லை. மொபைல் வழியிலேயே செத்துப்போயிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டே வலது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"எந்த ரூம்? எங்க வந்து படுக்கணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து தமயந்தியிடம் நின்றான். அவள் குரலைத்தான் அவன் காலையில் போனில் கேட்டிருந்தான்.

"நீதானேம்மா காலைல வேணாம்னு சொன்ன? இப்பயாச்சும் ஜல்தி எடுத்துக்கச் சொல்லும்மா," என்றான், கையை நீட்டிக்கொண்டு.